கூலியாள் வேடத்தில் வந்த சாமியார்
(ஜனவரி 16 – புனித யோசேவாஸ் அடிகளார் திருநாள்)



பொங்கல் பானையைக் கழுவி வைத்து ஒன்றிரண்டு நாளில் வருகிற திருநாள் இது. ஜனவரி 16ஆம் திகதி கத்தோலிக்கக் கோயில்களில் புனித யோசேவாஸ் அடிகளாரை நினைத்துப் பூசை நடக்கும். இலங்கையின் முதல் புனிதர் என்று இவரைச் சொல்கிறார்கள். நம்ம தோட்டங்களில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறோம், மாதாவைக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறோம். யாரைக் கும்பிட்டாலும் சரி, இந்த மனுசருடைய கதையைத் தெரிஞ்சு வச்சிக்கணும். நம்ம மலைநாட்டோடும், நம்ம லயத்து நோய் நொடியோடும் சம்பந்தப்பட்ட கதை இது.

அவர் பிறந்தது 1651 ஏப்ரல் 21, கோவாவில் உள்ள பெனாலிம் என்ற ஊரில். வீட்டில் பேசிய பாஷை கொங்கணி. உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட குடும்பம். 1676இல் குருவானார். அப்போது இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துப் போர்த்துக்கேயரை விரட்டியவர்கள், கத்தோலிக்கக் குருமாரையும் சேர்த்து விரட்டினார்கள். பூசை இல்லை, ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லை. இப்படியே வருசங்கள் ஓடின. இந்தச் செய்தி கோவாவில் இவர் காதுக்கு எட்டியது. அதற்குப் பிறகு மனுசருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

குருவாக வந்தால் பிடிபட்டுவிடுவார். அதனால் அங்கியைக் கழற்றிவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் கூலியாள் மாதிரி வந்தார். கூட வந்தது ஜான் என்ற வேலையாள் ஒருவன். 1687இல் தூத்துக்குடியில் தோணி ஏறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். ‘கூலி’ என்ற வார்த்தையை நம்ம பாட்டன் பூட்டன் மேல் எத்தனை பேர் காறித் துப்புவது போல எறிந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கோப்பித் தோட்டத்துக்கு நம்ம ஆட்கள் வரத் தொடங்கியது 1820களில். அதற்கு 130 வருசத்துக்கும் மேலே முன்னால், அந்தப் பேரைத் தானாகவே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு ஒருத்தர் இதே கடலைத் தாண்டியிருக்கிறார்.

வந்து இறங்கியதும் வயிற்றோட்டம் பிடித்துப் படுத்துவிட்டார், சாகிற நிலைமை. ஒரு பெண் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினாள் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். அவள் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருக்கலாம்!

உடம்பு தேறியதும் கழுத்தில் செபமாலையைத் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறதோ, அதுதான் கத்தோலிக்க வீடு என்று கண்டுபிடித்தார். சில்லாலையில் தங்கித் தமிழ் படித்தார், இராத்திரியில் பூசை வைத்தார். ஒல்லாந்தர் தேடத் தொடங்கியதும் கண்டி மன்னனுக்குச் சொந்தமான புத்தளத்துக்கு மாறினார். அங்கிருந்து 1692இல் கண்டிக்கு வந்தார்.

கண்டியில் வரவேற்றது சிறைக்கூடம். இவர் போர்த்துக்கேய ஒற்றன் என்று, அரண்மனையில் செல்வாக்காக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் கோள் சொல்லிவிட்டார். அடைபட்டுக் கிடந்த காலத்தை இவர் வீணாக்கவில்லை. சிங்களம் படித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுக்காவல் தளர்ந்தது. கடும் வறட்சியில் இவர் செபித்து மழை பெய்தது என்று ஒரு கதை உண்டு. புனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிசாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது.

1697இல் கண்டியில் பெரியம்மை வந்தது. வைசூரி என்பார்களே, அது. தடுப்பூசி என்ற பேச்சே அப்போது கிடையாது. அது 1796இல்தான் வந்தது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரத்தை விட்டுப் போய்விட்டான். வசதியுள்ளவர்களும் கிளம்பினார்கள். கொப்புளம் கண்டவர்களை, பெற்ற பிள்ளையாக இருந்தாலும், காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நாம் லேசாகச் சொல்லிவிட முடியாது. பயம் அப்படி.

நகரத்தில் தங்கினவர்கள் யோசேவாசும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் கர்வாலியோ சாமியும். இருவரும் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். அவர்களுக்கு ஒதுங்கக் குடிசை போட்டார்கள், புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், செத்தவர்களைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். நீ கத்தோலிக்கனா, பௌத்தனா, தமிழனா, சிங்களவனா என்று கேட்கவில்லை. அந்த நோயைக் குணமாக்குகிற மருந்து அவர்களிடமும் இல்லை. தண்ணீரும் கஞ்சியும் சுத்தமும் மனுசத் துணையும்தான் இருந்தது. அதிலேயே பல பேர் பிழைத்தார்கள். ஒற்றன் என்று அடைத்து வைத்த அதே மன்னனுக்கு இவர் மேல் மதிப்பு இதனால் இன்னும் கூடியது.

இப்போது நம்ம லயத்துக்கு வருவோம். பெரியம்மை உலகத்தில் இல்லை. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. இப்போது பிள்ளைகளுக்கு வருகிற கொப்பளிப்பான் வேறு. வேப்பிலை கட்டுங்கள், அம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதோடு டிஸ்பென்சரிக்கும் காட்டுங்கள். ஆனால் இன்றைக்கும் காட்டில் விடுகிற மாதிரி நாம் ஒதுக்குகிற நோய் ஒன்று இருக்கிறது. அது காசநோய். ‘அந்த வீட்டுல தண்ணி குடிக்காதே’ என்கிறோம். மகள் கல்யாணம் நின்னுடும்னு அப்பன் இருமலை மறைக்கிறான். மறைத்தால் அதே காம்பராவில் படுக்கிற பிள்ளைக்கும் தொற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். ஆறு மாசமாவது விடாமல் குடிக்கணும். நடுவில் நிறுத்தினால் நோய் முரடாகிவிடும். மருந்து ஒழுங்காகக் குடிக்கிறவரோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்ததால் இந்த நோய் வராது. இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆயர் பதவி தருகிறோம் என்றபோது யோசேவாஸ் வேண்டாம் என்றார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சாமி சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். அவரைப் போன்றவர்கள் கையில் வேலையை ஒப்படைத்துவிட்டு, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே கண்ணை மூடினார். வயது 59. ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். அத்தனை குழி வெட்டிய அந்த மனுசரைக் கண்டியில் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.