கணிப்பொறியின் வாயிற்காவலர்

நம் பள்ளி வாசலில் வாட்ச்மேன் அண்ணனைத் தாண்டி எவரும் உள்ளே வர இயலுமா? பெயர் என்ன, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, நோட்டில் கையெழுத்தும் வாங்கிய பிறகே விடுவார். கணிப்பொறியிலும் இத்தகைய காவலர் ஒருவர் உண்டு, தோழியரே! பொத்தானை அழுத்தியதும் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு ஒரு திரை வருகிறதல்லவா? அத்திரையை நடத்தும் நிரலுக்கு ‘டிஸ்பிளே மேனேஜர்’ என்று பெயர். நாம் ‘நுழைவு மேலாளர்’ என்போம்.

சென்ற ஆண்டுவரை இவரை நாம் கண்டதே இல்லை. நம் ஆய்வகக் கணிப்பொறிகள் யாரையும் எதுவும் கேளாமல், ‘மாணவி’ என்ற ஒரே பெயரில் தாமாகவே திறந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. எவ்வளவு வசதி என்று மகிழ்ந்திருந்தோம். கீழடி அகழ்வைப்பகத்திற்குச் சென்று வந்து, பதினொரு பக்கம் தட்டச்சு செய்து சேமித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் காணவில்லை! முந்தைய நாள் கடைசியாக அங்கு உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புத் தங்கையின்மேல் எல்லாரும் ஐயம் கொண்டோம். நானும்தான். அவள் அழுதாள். அழித்தவள் அவளே என்று காட்டவும் வழியில்லை, அவளல்லள் என்று காட்டவும் வழியில்லை. கணிப்பொறியின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், வந்தவர் ‘மாணவி’, போனவர் ‘மாணவி’ என்றே எழுதியிருந்தது.

அதன்பின் கணிப்பொறி ஆசிரியை இதைச் சீர்செய்தபோது, உடனிருந்து பார்க்க எங்கள் இருவருக்கு அனுமதி கிடைத்தது. நம் கணிப்பொறிகளில் இருப்பது டெபியன் வழி வந்த லினக்ஸ். (சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸும் இதே குடும்பந்தான். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அக்காமார்கள் பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது.) இங்கே காவலராக இருப்பவர் ‘லைட்-டி-எம்’. அவருக்கு இடும் கட்டளைகள் எல்லாம் ஒரு சிறு கோப்பில் உள்ளன. அதை நிர்வாகி மட்டுமே திருத்த முடியும்.

ஆசிரியை முதலில் அக்கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்தார்கள். பின்பு ‘ஆட்டோலாகின்-யூசர்’ என்று தொடங்கும் வரியின் முன்னே ஒரு ‘ஹேஷ்’ குறியை இட்டார்கள். அக்குறி இட்ட வரியைக் கணிப்பொறி பொருட்படுத்தாது. இவ்வளவுதான்! மீண்டும் இயக்கியதும் காவலர் எழுந்து நின்று பெயர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கோப்பறையும் உண்டாக்கத்தான் இரண்டு மாலைகள் ஆயின. ஒருத்தியின் கோப்பறையில் உள்ளதை இனி மற்றொருத்தி அழிக்க முடியாது.

அடுத்து ஒரு வழக்கு எழுந்தது. திரையில் எல்லாருடைய பெயர்களையும் வரிசையாகக் காட்டலாமா? காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தம் பெயரைத் தொட்டு எளிதாக நுழைவார்கள் என்றார்கள் சிஸ்டர். பெயரைக் காட்டுவது பாதி இரகசியத்தைச் சொல்வதாகும் என்றார்கள் ஆசிரியை. வீட்டில் மூன்று பேர் பயன்படுத்தும் கணிப்பொறிக்குப் பட்டியல் நல்லது, பலர் புழங்கும் ஆய்வகத்திற்கு ஆகாது என்பது என் எண்ணம். முடிவில் ‘கிரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்’ என்ற வரியில் ‘ட்ரூ’ என எழுதிப் பெயர்களை மறைத்தோம். சின்னப் பிள்ளைகள் ஒரு வாரம் திணறினார்கள் என்பதும் உண்மை.

மறுநாளே ஒரு வேடிக்கை! சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் ஒருவராலும் நுழைய முடியவில்லை. தமிழில் எழுதுவதற்காகத் தமிழ்-99 விசைப்பலகையைச் சேர்த்திருந்தோம். அது பட்டியலில் முதலாவதாக நின்றுவிட்டது. ஆங்கில எழுத்து என்று நாங்கள் தட்டியதெல்லாம் தமிழெழுத்தாக விழுந்துகொண்டிருந்தது. கடவுச்சொல் புள்ளிகளாகவே தெரிவதால் எப்படிக் கண்டுபிடிப்பது? கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்-2 விசையை அழுத்தினால் படமில்லாத கரிய எழுத்துத் திரை வருகிறது. அதில் நுழைந்து ஆங்கிலத்தை முதலில் வைத்ததும் சரியாயிற்று. எந்த விசைப்பலகை என்று காட்டும் சிறு குறி நுழைவுத் திரையின் மேல் ஓரத்தில் இருக்கிறது. அதை முதலில் பாருங்கள். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டும் மறுபடி வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினால், வட்டில் இடம் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

இவ்விடர்கள் நமக்கு மட்டும் வந்தவை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் முறை 1961-இல் செய்து காட்டப்பட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் பெர்னாண்டோ கார்பட்டோ. ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் வழங்கும் வழக்கம் அதில்தான் வேரூன்றியது. அங்கே ஒரு நாள், நுழைவோரை வரவேற்கும் செய்தியும் கடவுச்சொற்களின் பட்டியலும் ஒரே நேரத்தில் திருத்தப்பட்டன. இரண்டு தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயர் அமைந்ததால் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே வந்தவர்களை வரவேற்றது எல்லாருடைய கடவுச்சொற்களும்! இன்றோ லினக்ஸில் கடவுச்சொல் அப்படியே எழுதி வைக்கப்படுவதில்லை. திரும்பப் பிரித்தறிய இயலாத வேறொரு உருவில்தான் சேமிக்கப்படுகிறது. எனவே மறந்தவர்களுக்கு ஆசிரியை புதியதொன்று கொடுக்க முடியுமே தவிர, பழையதைச் சொல்ல முடியாது.

என் கீழடிக் கட்டுரையை மீண்டும் தட்டச்சு செய்துவிட்டேன். இம்முறை ஒன்பது பக்கந்தான் நினைவில் நின்றது. அந்தத் தங்கையிடம் மன்னிப்பும் கேட்டேன். “அக்கா, உங்கள் பக்கம் திறந்தே கிடக்கிறது” என்று சென்ற வாரம் ஓடிவந்து சொன்னவள் அவள்தான். மணி அடித்ததும் வெளியேறாமல் எழுந்து போயிருக்கிறேன். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் எந்தக் காவலர்தான் என்ன செய்வார்? இப்போது ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானே பூட்டிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறோம்.