பெயரடையைத் தொடரும் 'டு': ஆங்கில வரைவில் ஒரு நுட்பம்

'எலிஜிபிள் டு அப்ளை', 'லையபிள் டு பே' என்பன போன்ற தொடர்கள் இல்லாத அரசு ஆணையைக் காண்பது அரிது. பெயரடையை அடுத்து 'டு' என்னும் சொல்லும் வினையின் மூலவடிவும் வருவதே இவற்றின் அமைப்பு. இங்கு வினையைச் செய்பவர் யார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெயரடையேயாகும்.

'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்' எனில், பிறரை மகிழ்விக்க ஜான் ஆவல் கொண்டுள்ளான். 'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்' எனில், ஜானை மகிழ்விப்பது பிறருக்கு எளிது. ஒரு சொல் மாறியதும், மகிழ்விப்பவன் மகிழ்விக்கப்படுபவனாகி விடுகிறான். புறத்தோற்றத்தில் ஒத்த வாக்கியங்கள் உள்ளமைப்பில் வேறுபடும் என்பதற்கு மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கி 1960-களில் இவ்விணையைச் சான்றாகக் காட்டினார். 'எபிள்', 'வில்லிங்' ஆகியவை 'ஈகர்' வகையைச் சார்ந்தவை. 'ஹார்ட்', 'டிஃபிகல்ட்' ஆகியவை 'ஈஸி' வகை.

நம் மாணவர் இடறுவது இரண்டாம் வகையில்தான். 'அவருக்கு விதியைப் புரிந்துகொள்வது எளிது' என்பதை 'ஹீ இஸ் ஈஸி டு அண்டர்ஸ்டாண்ட் த ரூல்' என்று எழுதி விடுகின்றனர். தமிழின் நான்காம் வேற்றுமைக்கு இங்கு ஆங்கிலத்தில் 'ஃபார்' வேண்டும்: 'இட் இஸ் ஈஸி ஃபார் ஹிம் டு அண்டர்ஸ்டாண்ட் த ரூல்'. அவ்வாறே, 'திஸ் புக் இஸ் டிஃபிகல்ட் டு ரீட்' என்பதன் இறுதியில் 'இட்' சேர்த்தல் பிழை. படிக்கப்படும் பொருள் எழுவாயாக முன்னரே வந்துவிட்டது.

மொழிபெயர்க்கும் அலுவலருக்கு இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 'நியமிக்கத் தகுதியுடையவர்' என்னும் தமிழ்த் தொடர், நியமனம் செய்பவரையும் குறிக்கலாம். நியமனம் பெறுபவரையும் குறிக்கலாம். நமது செயவென் எச்சம் இரு பொருளுக்கும் இடந்தருவது. ஆங்கிலம் இங்கு அவ்வாறன்று. 'எலிஜிபிள் டு அப்பாயிண்ட்' என்று எழுதினால் விண்ணப்பதாரரே நியமன அதிகாரியாகி விடுவார்! 'எலிஜிபிள் டு பி அப்பாயிண்டெட்' என்பதே வேண்டுவது. மாநில மொழியில் இயற்றப்படும் சட்டத்திற்கு, ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வமான ஆங்கில வாசகமாகக் கொள்ளப்படும் என்று அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு கூறுகிறது. ஆதலின், விடுபட்ட ஒரு 'பி' ஒருவரது உரிமையைப் பற்றிய வழக்காக வளரக்கூடும்.

'ரெடி' என்னும் சொல் இரு வகையிலும் சேரும். 'த சிக்கன் இஸ் ரெடி டு ஈட்' என்பதில் கோழி இரை தின்னப் போகிறதா, இலையில் பரிமாறப்படப் போகிறதா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். உணவு விடுதியில் இதனால் கேடில்லை. ஆணையில் இத்தகைய சொல் வருமாயின், செய்பவரை வெளிப்படையாகப் பெயரிட்டு வாக்கியத்தை மாற்றியமைப்பதே முறை.