வளரிளம் பருவ மாணவரும் பெற்றோரின் வளர்ப்பு முறையும்

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இப்பருவத்தினர் சுமார் 25 கோடிப் பேர். அதாவது மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர். இவர்களுக்குப் பள்ளிகளையும் பாடநூல்களையும் அரசு வழங்க இயலும். ஆயினும் மாணவரின் நடத்தைக்கும் மனநலத்திற்கும் அடித்தளம் அமைவது வீட்டிலேயே. எனவே, பெற்றோரின் வளர்ப்பு முறை கல்வித் திட்டங்களின் பயனை நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்றாகும்.

நால்வகை முறைகள்

அமெரிக்க உளவியல் அறிஞர் டயானா பாம்ரிண்ட் 1960களில் வளர்ப்பு முறைகளை மூன்றாக வகுத்தார். 1983இல் எலினார் மக்கோபி, ஜான் மார்ட்டின் ஆகியோர் அதை நான்காக விரிவுபடுத்தினர். கண்டிப்பு, பரிவு ஆகிய இரண்டும் இவ்வகைப்பாட்டின் அளவுகோல்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிவிட்டான் எனக் கொள்வோம். காரணம் கேளாமல் அடித்து, விளையாட்டையும் நிறுத்துவது அடக்குமுறை வளர்ப்பு. 'போனால் போகட்டும்' என்று செல்லமாக விட்டுவிடுவது தளர்வு முறை. மதிப்பெண் பட்டியலைப் பாராமலே கையொப்பமிடுவது புறக்கணிப்பு. எந்தப் பாடப்பகுதி விளங்கவில்லை என்று கேட்டறிந்து, நாள்தோறும் படிப்பதற்கு நேரம் வகுத்து, அதைக் கடைப்பிடிக்கச் செய்வது நெறிப்படுத்தும் முறை. கண்டிப்பும் பரிவும் ஒருங்கே அமைந்திருப்பது இந்த நான்காவது முறையில் மட்டுமே.

நெறிப்படுத்தும் முறையில் வளரும் மாணவரிடம் தன்னம்பிக்கையும் படிப்பில் ஈடுபாடும் பொதுவாக மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அடக்குமுறையில் வளர்வோரிடம் அச்சமும் மறைக்கும் இயல்பும், புறக்கணிக்கப்படுவோரிடம் தீய பழக்கங்களும் தலைதூக்க வாய்ப்பு அதிகம். எனினும் இத்தொடர்பு ஒருவழிப்பட்டதன்று. மாணவரின் முரட்டுத்தனம் பெற்றோரின் கடுமையை வளர்க்கக்கூடும். வறுமையும் பணிச்சுமையும் இருவரையுமே பாதிக்கக்கூடும்.

கண்காணிப்பும் நம்பிக்கையும்

பிள்ளைகளைக் கூர்ந்து கண்காணித்தால் அவர்கள் தவறமாட்டார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்வீடன் நாட்டில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ஆகியோர் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. பெற்றோர் தம் பிள்ளைகளைப் பற்றி அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி வேவு பார்த்து அறிந்ததன்று. பிள்ளைகள் தாமாகவே கூறியது என அது காட்டியது. உண்மையைக் கூறினால் அடி விழும் வீட்டில் பிள்ளை வாய் திறப்பதில்லை. கைபேசியைப் பறித்துச் சோதிக்கும் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியச் சூழல்

2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட 13 மாநில ஆய்வின்படி, மூன்றில் இரு குழந்தைகள் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். குடும்பத்தில் அவ்வாறு துன்புற்றோரில் 100க்கு 88 பேருக்கு மேல் பெற்றோராலேயே துன்புறுத்தப்பட்டனர். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வீட்டின் வாயிலை அப்பிரிவு தாண்டுவதில்லை. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது.

செய்யத்தக்கவை

எழுத்தறியாத பெற்றோரால் அல்ஜீப்ரா கற்பிக்க இயலாது. ஆனால் பிள்ளை கூறுவதைச் செவிமடுக்கவும், இரவு இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என விதிக்கவும் படிப்பு தேவையில்லை. நெறிப்படுத்தும் முறை வசதி படைத்தோருக்கே உரியதன்று என்பதைப் பெற்றோர் கூட்டங்களில் விளக்க வேண்டும். மதிப்பெண் குறைந்த மாணவரைப் பற்றிப் புகார் கூறுவதோடு அக்கூட்டங்கள் முடிந்துவிடின், அன்றிரவு வீட்டில் அடி விழுவதற்கே அவை வழிவகுக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. கட்டடம், உணவு ஆகியவற்றுடன் பிள்ளை வளர்ப்பையும் இக்குழுக்கள் விவாதிக்கலாம். கவலைக்குரிய மாறுதல் தென்படும் மாணவருக்கு, 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை ஆசிரியர் அறிமுகப்படுத்தலாம்.

பள்ளியில் கைவிடப்பட்ட பிரம்பு வீட்டிலும் கைவிடப்படும்போதுதான் சட்டத்தின் நோக்கம் முழுமை பெறும்.