அம்பலப்புழைக் கணக்கும் இருமடங்கு ஆசையும்

அம்பலப்புழை ஸ்ரீகிருஷ்ணர் கோயிலின் பால்பாயசத்தை அறியாதார் திருவனந்தபுரத்தில் மிகச் சிலரே. அப்பாயசத்தின் பின்னணியில் ஒரு பேரெண் இருக்கிறது.

செம்பகச்சேரி மன்னர் சதுரங்கப் பிரியர். முனிவர் வடிவில் வந்த கண்ணன் அவரை ஆட்டத்தில் வென்று, பரிசாக அரிசி கேட்டான் என்பது மரபுக் கதை. முதல் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என 64 கட்டங்களுக்கும் இருமடங்காக்கித் தரவேண்டும். களஞ்சியம் வற்றியது, கடன் தீரவில்லை. நாள்தோறும் பக்தர்களுக்குப் பாயசம் வழங்கி அக்கடனைத் தீர்க்குமாறு இறைவன் பணித்தான் என்பர்.

மொத்த மணிகள் 1,84,46,74,40,73,70,95,51,615. கிராமுக்கு 40 மணிகள் எனக் கொண்டால் ஏறத்தாழ 46,000 கோடி டன். உலகமே பல நூற்றாண்டுகள் விளைவித்தாலன்றிச் சேராத அளவு.

இவ்வெண் 5-இல் முடிவதால் 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 ஆதலால் 3-ஆலும் வகுபடும். முழுமையாகப் பிரித்தால் 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417 என்னும் ஏழு பகா எண்களின் பெருக்கற்பலன் இது.

ஆயினும் நமக்குப் பெரிதும் பயன்படும் பண்பு வேறொன்று. எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அதிலுள்ள மணிகள் அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்று அதிகம். முதல் மூன்று கட்டங்களில் 1+2+4=7; நான்காவதில் 8. முதல் ஒன்பதில் 511, பத்தாவதில் 512.

"பணம் கட்டிச் சேருங்கள், மேலும் இருவரைச் சேர்த்தால் பணம் பெருகும்" என்னும் திட்டங்களை இக்கணக்கால் அளந்து பார்க்கலாம். பத்தாம் வரிசையோடு திட்டம் நின்றால், மொத்த உறுப்பினர் 1,023 பேர். அவர்களுள் கடைசி வரிசையினர் 512 பேர்; பணம் கட்டியும் தமக்குக் கீழே எவரும் இல்லாதவர்கள். திட்டம் எந்த வரிசையில் நின்றாலும் இழப்போர் பாதிக்கு மேல் என்பது மாறாது. நிற்காமல் தொடரவும் வழியில்லை: 33 வரிசைகள் நிரம்ப 858 கோடிக்கும் மேற்பட்டோர் வேண்டும், உலக மக்கள்தொகையே அதைவிடக் குறைவு. நடத்துவோரின் நேர்மையோ திறமையோ இக்கணக்கை மாற்றாது.

இத்தகைய பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமன்று, உறுப்பினராகச் சேர்வதும் குற்றமே. ஐயத்துக்குரிய திட்டங்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் புகார் செய்யலாம்.

முறையான வைப்புத்தொகையும் இருமடங்காகும், ஆனால் நிதானமாக. 72-ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால், கூட்டு வட்டியில் தொகை இரட்டிப்பதற்கான ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 6 விழுக்காட்டில் 12 ஆண்டுகள். சதுரங்கப் பலகையில் ஒரு கட்டம் நகர்வதற்கே அத்தனை காலம். அதைச் சில மாதங்களில் கடந்துவிடலாம் என எவரேனும் உறுதி கூறினால், கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கடைசிக் கட்டத்தில் நிற்கப்போவது யார்?