யானை வேலியும் கிராமத்தின் பங்கும்

மீள்குடியேறிய கிராமங்களின் சங்கக் கூட்டங்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்

இப்பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்ளப் போவது:

• காட்டு யானைகள் எமது காணிகளுக்கு வருவதற்கான காரணம்
• சில மின்வேலிகள் பயன் தருவதும் சில கைவிடப்படுவதும் ஏன் என்பது
• வேலிக்கான பணமும் உழைப்பும் எங்கிருந்து வரவேண்டும் என்பது

1. யானைகள் ஏன் வருகின்றன?

போரினால் இடம்பெயர்ந்த மக்கள் தமது ஊர்களுக்குத் திரும்பியபோது, வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் பல வயல்களும் மேட்டுக் காணிகளும் பற்றைக்காடாகியிருந்தன. சில காணிகள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தரிசாகக் கிடந்தவை. பெருங்காட்டின் நடுப்பகுதியைவிட இத்தகைய பற்றைக்காட்டிலும் பழைய குளங்களின் ஓரங்களிலுமே யானைக்குத் தீனி அதிகம். ஆகவே நாங்கள் இல்லாத காலத்தில் அவை அங்கு மேய்ந்து பழகிவிட்டன.

2011 ஆம் ஆண்டு நாடளாவிய கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மக்களும் வாழ்கிறார்கள். எல்லா யானைகளையும் சரணாலயங்களுக்குள் அடைத்துவிடலாம் என்பது நடக்கக்கூடியதல்ல. முன்னர் துரத்தி அடைத்த இடங்களில் தாய் யானைகளும் குட்டிகளும் தீனியின்றி மெலிந்தன. பயிரை அழிக்கும் தனியன் யானைகளோ பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிட்டன.

இதன் விலை பெரிது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 400 இற்கும் மேற்பட்ட யானைகளும் 120 இற்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். காவலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் எமது பிரதேசங்களிலும் உண்டு.

2. எல்லையில் போட்ட வேலிகள்

வனஜீவராசிகள் திணைக்களம் நாடு முழுவதும் 4,000 கிலோமீற்றருக்கும் அதிகமான மின்வேலிகளை அமைத்துள்ளது. அவற்றில் பல, திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடையிலான நிர்வாக எல்லையில் போடப்பட்டவை. அத்தகைய வேலியின் இரு பக்கமும் காடு. இரு பக்கமும் யானை. அருகில் குடிமனை இல்லாததால் கொடி படர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் உடனே காண்பவர் இல்லை.

காக்கப்பட வேண்டியது குடிமனையும் பயிரும். எனவே வேலியை அவற்றைச் சுற்றியே போடவேண்டும் என்பது கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடன் பணியாற்றும் ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கருத்து. 2020 இல் அவரது தலைமையில் நியமிக்கப்பட்ட சனாதிபதிக் குழு தயாரித்த தேசிய செயற்றிட்டமும் கிராமங்கள் பொறுப்பேற்கும் மின்வேலிகளையே முக்கிய வழியாகப் பரிந்துரைத்தது.

3. கிராம வேலிகள் இருவகை

குடிமனை வேலி: வீடுகளையும் வீட்டுத்தோட்டங்களையும் சுற்றி நிரந்தரமாக நிற்பது. ஆண்டு முழுவதும் பராமரிக்க வேண்டும்.

வயல் வேலி: விதைப்புடன் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பது. கழற்றுவது சோம்பலினால் கைவிடக்கூடிய வேலையல்ல. அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் தாளும் புல்லும் வறண்ட மாதங்களில் யானைக்குத் தீனியாகின்றன. அங்கு தீனி இருந்தால் அது குடிமனைப் பக்கம் வரவேண்டிய தேவை குறையும். தூணும் கம்பியும் அடுத்த போகத்துக்குப் பத்திரமாக இருக்கும்.

4. சேர்ந்து போட்டால் எவ்வளவு குறையும்?

சதுரமான ஒரு ஏக்கர் வயலைத் தனியாக வேலியடைக்க ஏறத்தாழ 250 மீற்றர் வேலி வேண்டும். நூறு பேர் தமது ஒவ்வொரு ஏக்கரையும் தனித்தனியே அடைத்தால் மொத்தம் 25 கிலோமீற்றர்.

அதே நூறு ஏக்கரும் ஒரே வெளியாக இருந்து, சுற்றிவர ஒரே வேலி போட்டால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் போதும். ஒருவருக்கு வரும் பங்கு 25 மீற்றர். செலவும் துப்புரவு வேலையும் பத்தில் ஒன்றாகின்றன.

ஆனால் ஒருவர் தமது 25 மீற்றரில் புல்லை வெட்டாமல் விட்டால் மின் நிலத்துக்கு ஒழுகி வேலி முழுவதும் வலுவிழக்கும். யானை அந்த இடத்தால் நுழைந்தபின் நூறு பேரின் பயிரும் ஒன்றுதான்.

5. பணம் எங்கிருந்து வருகிறது?

வேலி போடுவதற்கான பணம் பல வழிகளில் வரலாம். திணைக்களம், மாகாண சபை, வெளிநாட்டு உதவி, தொண்டு நிறுவனங்கள் என்பன அவற்றுட் சில. உலக வங்கியின் 45 மில்லியன் டொலர் கடனுதவியுடன் 2016 இல் அங்கீகரிக்கப்பட்ட சூழல் பாதுகாப்புத் திட்டத்திலும் யானை–மனித மோதலைக் குறைப்பது ஒரு பகுதியாக இருந்தது.

வேலியைப் பராமரிக்கும் பணம் வேறு. எமது நிறுவனம் உட்பட எந்த நிறுவனமும் திட்டக்காலம் முடிந்ததும் வெளியேறும். பற்றரி பழுதாவது பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான். அந்த நாளில் சங்கத்தின் கணக்கில் பணம் இல்லாவிட்டால், இலட்சக்கணக்கில் செலவிட்ட வேலி துணி காயப்போடும் கம்பியாகிவிடும்.

ஓர் உதாரணம்: 50 குடும்பங்கள் மாதம் 300 ரூபா வீதம் செலுத்தினால் ஆண்டில் 180,000 ரூபா சேரும். வயல் வேலிக்கு ஏக்கர் கணக்கில் போகத்துக்கு ஒருமுறை, அறுவடையின்போது அறவிடுவது சுலபம். தொகையை உங்கள் சங்கமே தீர்மானிக்க வேண்டும். உதவி தரும் நிறுவனத்திடம் கேட்பதற்கு முன்னரே கணக்கைத் திறந்து சேமிக்கத் தொடங்குங்கள்.

6. சங்கம் தீர்மானிக்க வேண்டியவை

• வேலிக் குழுவைக் கமக்காரர் அமைப்பின் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கீழ் அமையுங்கள். வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம் இருக்கட்டும். வரவு செலவை மாதந்தோறும் பொது இடத்தில் ஒட்டுங்கள்.
• மாலையில் மின்னூட்டியைப் போடுபவர், காலையில் நிறுத்துபவர், வேலியோரம் நடந்து பார்ப்பவர் என முறை வையுங்கள். மின்னழுத்தத்தை அளந்து தினமும் கொப்பியில் எழுதுங்கள்.
• போகத் தொடக்கக் கூட்டத்தில் விதைப்புத் திகதியுடன் வேலி போடும் திகதியையும் கழற்றும் திகதியையும் தீர்மானமாகப் பதியுங்கள். வேலியடைப்புக்குத் திகதி வைப்பது எமது வயல்களில் பழைய வழக்கமே.
• பெண் தலைமைக் குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் காடு வெட்டும் பங்கைக் கட்டாயமாக்காதீர்கள். கணக்கு எழுதுதல், மின்னழுத்தம் பார்த்தல் போன்ற பொறுப்பை வழங்கலாம்.
• உரிமையாளர் வெளிநாட்டிலோ வேறு மாவட்டத்திலோ இருக்கும் காணி வேலிக்குள் வந்தால், அவரிடம் எழுத்தில் சம்மதமும் பங்குப் பணமும் பெறுங்கள்.

7. செய்யக்கூடாதவை

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பிக்குக் கொடுக்காதீர்கள். மின்னூட்டி கொடுப்பது ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை வந்துபோகும் மிகக் குறுகிய அதிர்வு. யானை அஞ்சி விலகும், உயிர் போகாது. வீட்டு மின்சாரம் யானையையும் கொல்லும், இருட்டில் வரும் அயலவர் பிள்ளையையும் கொல்லும். அது சட்டவிரோதம்.

பழத்துக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடியும் குற்றமாகும். வாய் சிதைந்த யானை உண்ண முடியாமல் பல நாட்கள் துன்புற்றே இறக்கிறது. மாடும் நாயும் கடித்து இறப்பதுண்டு.

8. சேதம் ஏற்பட்டால்

உயிரிழப்பு, காயம், வீட்டுச் சேதம் என்பவற்றைக் கிராம அலுவலருக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் உடனே அறிவியுங்கள். நட்டஈட்டுக்கு அவர்களது அறிக்கை தேவை. பயிர்ச் சேதத்தைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்து, பயிர்க் காப்புறுதி கிடைக்குமா எனக் கேளுங்கள். சேதத்தைத் துப்புரவாக்குவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் ஊரில் முன்னர் போட்ட வேலி ஏதும் உண்டா? இன்று அதன் நிலை என்ன? யாருடைய பொறுப்பில் உள்ளது?
2. உங்கள் வயல்வெளியை ஒரே வேலியால் சுற்றினால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மீற்றர் வரும்? கணக்கிட்டுப் பாருங்கள்.
3. பங்குப் பணம் செலுத்த முடியாத குடும்பங்களை எவ்வாறு சேர்த்துக்கொள்வது?
4. பற்றரி நாளை பழுதானால் அதை மாற்றும் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது?

நான்காவது கேள்விக்குச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியுமானால், உங்கள் கிராமம் வேலி கேட்டு விண்ணப்பிக்கத் தயாராகிவிட்டது.