நைரோபி போறீங்களா? திரும்பி வர்ற தேதியிலிருந்து ஆரம்பிங்க

நம்ம காலேஜ்ல "ஃபாரின்"னு சொன்னா ஜெர்மனி, அமெரிக்கா, சிங்கப்பூர்னு மூணு பேர்தான் காதுல விழும். ஆனா நிலைமை மெதுவா மாறிட்டு வருது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023-ல தான்சானியாவோட சான்சிபார்ல ஒரு கேம்பஸையே ஆரம்பிச்சிருக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட தலைமையகம் கென்யாவோட நைரோபியிலதான் இருக்கு. போன விடுமுறையில ஆறு வாரம் நானும் நைரோபியில ஒரு சின்ன சோலார் பம்ப் கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்ணிட்டு வந்தேன்.

வந்ததிலிருந்து ஜூனியர்ஸ் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "ஆப்பிரிக்கா போறதுக்கு என்னென்ன ரெடி பண்ணணும்?" பதிலை ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னுதான் இந்தக் கட்டுரை.

1. முதல்ல ஸ்பெக் எழுதுங்க

"ஒரு மோட்டார் வேணும்"னு கடையில கேட்டா, "எத்தனை ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா"ன்னு திருப்பிக் கேப்பாங்க. "ஆப்பிரிக்கா போறேன்"னு சொல்றதும் அப்படித்தான். அங்க 54 நாடு இருக்கு. எந்த நாடு, எந்த ஊர், எந்த மாசம், கடல் மட்டத்துலேர்ந்து எவ்வளவு உயரம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. இந்த நாலும் தெரிஞ்சாத்தான் மத்த எல்லா முடிவும் எடுக்க முடியும்.

கென்யாவையே எடுத்துக்கோங்க. நைரோபி பூமத்திய ரேகைக்கு ரொம்பப் பக்கம். அதனால கொளுத்தும்னு நினைப்போம். ஆனா ஊர் இருக்கறது சுமார் 1,800 மீட்டர் உயரத்துல. நம்ம ஏற்காட்டைவிட மேல, கொடைக்கானலைவிடக் கொஞ்சம் கீழ. ஜூன், ஜூலையில ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம முடியாது. அதே நாட்டுல மொம்பாசா கடற்கரை ஊர், நம்ம சென்னை மாதிரி வேர்க்கும். கிசுமு விக்டோரியா ஏரிக்கரையில இருக்கு, அங்க கொசுதான் பெரிய விஷயம். ஒரே நாட்டுல மூணு ஊர், மூணு விதமான பை. முழுக் கண்டத்துக்கும் சேர்த்து ஒரே லிஸ்ட் யாராவது கொடுத்தா அதை நம்பாதீங்க.

2. மஞ்சள் அட்டை: கேக்கறது நம்ம ஊர்லதான்

இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். இந்தியாவுல மஞ்சள் காய்ச்சல் கிடையாது. அதனால இங்கிருந்து நேரா கென்யாவுக்குள்ள போறவங்களுக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம் இல்ல. "அப்போ ஊசி எதுக்கு?"ன்னு விட்டுடாதீங்க. கென்யா அந்த நோய் பரவ வாய்ப்புள்ள நாடு. அங்கிருந்து திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல சான்றிதழ் கேப்பாங்க. இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்த சட்டத்துல இடம் இருக்கு. நீங்க ஜூலை 12 திரும்புறீங்க, 15-ஆம் தேதி காலேஜ்ல பிளேஸ்மென்ட் டெஸ்ட்னு வெச்சுக்கோங்க. டெஸ்ட் நடக்கும்போது நீங்க தனிமை வார்டுல இருப்பீங்க.

இவ்வளவு கெடுபிடி ஏன்? மஞ்சள் காய்ச்சலைப் பரப்புறது ஏடிஸ் எஜிப்டி கொசு. நம்ம ஊர்ல டெங்கு பரப்புற அதே கொசுதான். கொசு இங்க இருக்கு, கடிக்க மனுஷங்களும் இருக்காங்க, வைரஸ் மட்டும்தான் இல்ல. அது ஒருத்தர் ரத்தத்துல உள்ள வந்தாலும் போதும், சர்க்யூட் முழுமையாயிடும். அந்த வயரை இணைக்காம இருக்கறதுக்குத்தான் இந்த அட்டை.

ஊசி போட்ட 10 நாளைக்கு அப்புறம்தான் சான்றிதழ் செல்லும். அதுக்கப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலையிலிருந்து உலக சுகாதார நிறுவனத்தோட விதி அது. உடம்புல எதிர்ப்பு சக்தி வரவும் அந்த 10 நாள் வேணும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே அது முடிஞ்சிருக்கணும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட முடியாது, அரசு அங்கீகரிச்ச மையத்துல மட்டும்தான். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் ரெண்டுலயும் போடுறாங்க. ஒரு குப்பியில பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தா சில மணி நேரத்துக்குள்ள தீர்த்தாகணும். அதனால ஆள் சேர்த்து, குறிப்பிட்ட நாள்லதான் போடுவாங்க. முன்கூட்டியே கேட்டு நாள் வாங்குங்க. பாஸ்போர்ட்டைக் கையோட கொண்டு போங்க, அதோட நம்பரை அட்டையில எழுதணும். இது உயிருள்ள, வீரியம் குறைச்ச வைரஸ் தடுப்பூசி. முட்டை அலர்ஜி, எதிர்ப்பு சக்தி குறைபாடு இருக்கறவங்க முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

3. மலேரியா: மாத்திரை திரும்பி வந்த பிறகும் உண்டு

நான் கிளம்பறேன்னு சொன்னதும் வீட்டுல எல்லாரும் சிங்கத்தைப் பத்திக் கேட்டாங்க. டாக்டர் ஒருத்தர்தான், "நைரோபியில மட்டும் இருப்பியா, வேற ஊருக்கும் போவியா?"ன்னு கேட்டார். சரியான கேள்வி அதுதான். நைரோபி உயரமான ஊர்ங்கறதால மலேரியா ஆபத்து குறைவு. கிசுமுவுலயும் கடற்கரைப் பக்கமும் அதிகம். எனக்குக் கிசுமு பக்கம் பம்ப் பொருத்துற வேலை ஒரு வாரம் இருந்தது, அதனால மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அங்க பெரும்பாலும் பரவுறது ஃபால்சிபாரம் வகை. சிகிச்சை தள்ளிப்போனா சில நாள்லயே உயிருக்கு ஆபத்தாகக்கூடிய வகை இது. எந்த மாத்திரைன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், ஆனா தேதிக் கணக்கு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். அடோவாகுவோன்-ப்ரோகுவானில்னா, மலேரியா உள்ள இடத்துக்குப் போறதுக்கு 1-2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு, அந்த இடத்தை விட்டு வந்த பிறகு 7 நாள் வரைக்கும். டாக்ஸிசைக்ளின்னா வந்த பிறகு 4 வாரம். இந்த வித்தியாசம் ஏன்னா, ஒட்டுண்ணி முதல்ல கல்லீரல்ல போய் உக்காந்து, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். முதல் மருந்து கல்லீரல்லயே அடிக்கும். ரெண்டாவது, அது ரத்தத்துக்கு வர்றவரைக்கும் காத்திருந்து அடிக்கும். "ஊருக்குத்தான் வந்தாச்சே"ன்னு பாதியில நிறுத்தினா, காவலாளியை விடியறதுக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பின கதைதான்.

மாத்திரையும் 100 சதவீதப் பாதுகாப்பு இல்ல. மலேரியா கொசு கடிக்கறது பொழுது சாஞ்சதுலேர்ந்து விடியற வரைக்கும். சாயங்காலமானா முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு, மருந்து நனைச்ச கொசுவலை மூணும் வேணும்.

திரும்பி வந்து 19-வது நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்ல நான் சொன்ன முதல் வாக்கியமே "கென்யா போயிட்டு மூணு வாரம் முன்னாடி வந்தேன்". உடனே மலேரியாவுக்கு ரத்தம் எடுத்தாங்க. நெகட்டிவ். மறுநாளும் எடுத்தாங்க, நெகட்டிவ். கடைசியில சாதாரண வைரல்தான். ஆனா அதைச் சொல்லாம இருந்திருந்தா யாருமே அந்த டெஸ்ட்டை யோசிச்சிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல மழைக்காலக் காய்ச்சல்னா வைரல், டெங்குன்னுதானே பேச்சு! திரும்பி வந்து மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா அன்னிக்கே போங்க. ஒரு வருஷம் வரைக்கும், எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் போயிட்டு வந்த நாட்டோட பேரைச் சொல்லுங்க.

4. காகிதங்கள்

கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலா ஈ.டி.ஏ.ங்கற ஆன்லைன் அனுமதிக்கு மாறியிருக்கு. அரசாங்கத் தளத்துலேயே நேரா விண்ணப்பிங்க. அதே மாதிரி தெரியற ஏஜென்ட் தளங்கள் கூடுதல் காசு வாங்குவாங்க. பாஸ்போர்ட் குறைஞ்சது ஆறு மாசத்துக்குச் செல்லுபடியா இருக்கணும். இன்டர்ன்ஷிப் போறவங்களுக்கு ஒரு விஷயம்: சுற்றிப் பார்க்கற அனுமதி வேற, வேலை பழகுற அனுமதி வேற. உங்களுக்கு எது வேணும்னு கூப்பிடுற நிறுவனத்தை எழுத்துலயே கேட்டு வாங்கிக்கோங்க.

டிக்கெட் போடும்போது எந்த நாட்டு வழியா போறீங்கன்னு பாருங்க. மும்பையிலிருந்து நேரா பறந்தா சுமார் ஆறு மணி நேரம்தான். சென்னையிலிருந்து வளைகுடா வழியா போனா, காத்திருக்கற நேரத்தையும் சேர்த்து ஒரு முழு நாள் போயிடும். மருந்து, மஞ்சள் அட்டை, ஒரு செட் துணி மூணும் கையில இருக்கற பையிலதான் இருக்கணும். பெட்டி தொலைஞ்சாலும் தாக்குப்பிடிக்கலாம்.

5. கரன்ட், காசு, கடிகாரம்

கென்யாவுல 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்மளோடது 230, 50. அதனால டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்ல. சாக்கெட் மட்டும் வேற, இங்கிலாந்து மாதிரி மூணு சதுரப் பின். ரெண்டு அடாப்டர் போதும். பவர் பேங்க் கைப்பையிலதான், 100 வாட்-ஹவருக்குள்ள. 20,000 எம்.ஏ.ஹெச்.ஐ 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட்-ஹவர், அதனால பிரச்னை இல்ல.

நம்ம ஜிபேக்கு அங்க வேலையில்ல. அங்க எல்லாமே எம்-பெசா. 2007-லயே வந்தது, அதாவது நம்ம யு.பி.ஐ.க்கு ஒன்பது வருஷம் முன்னாடி. இன்டர்நெட் கூட வேண்டாம், பட்டன் போன்லயே சிம் மெனு வழியா பணம் அனுப்பலாம். பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கினா பதிஞ்சுக்கலாம். பெசான்னா பணம், நம்ம பைசாவுக்குச் சொந்தக்காரன்.

நேரம் நம்மளைவிட ரெண்டரை மணி பின்னாடி. ஆனா இன்னொரு சமாச்சாரம் இருக்கு. சுவாஹிலியில பேசும்போது மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுவாங்க. "ஸா டாட்டு"ன்னா வார்த்தைக்கு மூணு மணி, அர்த்தம் காலை ஒன்பது. நம்ம பழைய நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்துலதானே ஆரம்பிக்குது? யாராவது நேரம் சொன்னா, இங்கிலீஷ் மணியா சுவாஹிலி மணியான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க.

6. பை கட்டும்போது

கென்யாவுல 2017 ஆகஸ்ட் 28-லிருந்து பிளாஸ்டிக் கேரி பேக் தடை. தயாரிச்சாலோ, வித்தாலோ, பயன்படுத்தினாலோ அதிகபட்சம் நாலு வருஷச் சிறை, இல்லன்னா 40 லட்சம் ஷில்லிங் அபராதம்னு சட்டம். பயணிகள் கையில இருக்கற கேரி பேக்கையும் ஏர்போர்ட்லயே விட்டுட்டுப் போகச் சொல்வாங்க. செருப்பைச் சுத்துற கவர், டியூட்டி ஃப்ரீ பை எல்லாம் இதுல வரும். அதனால பொடி வகையை டப்பாவுல போடுங்க, மத்ததுக்கு நம்ம மஞ்சப்பை. அம்மா முழுக் கொப்பரை கட்டிக் கொடுத்தா மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க. எண்ணெய் அதிகம், தானா சூடேறி எரியக்கூடியதுன்னு அது விமானத்துல ஆபத்தான சரக்குப் பட்டியல்ல இருக்கு.

சாப்பாட்டை நினைச்சு பயப்படாதீங்க. அவங்க உகாலி நம்ம களிக்குத் தம்பி, வெள்ளைச் சோள மாவு. கூட வர்ற சுகுமா விகி கீரைப் பொரியல் மாதிரி. விம்பின்னு ஒரு தானியத்துல கஞ்சி காய்ச்சுவாங்க. அது நம்ம கேழ்வரகேதான். கேழ்வரகோட பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்கா. சாய், சப்பாத்தி ரெண்டுக்கும் அங்கயும் அதே பேர். லட்சத்துக்கு "லாக்கி".

இந்தச் சொற்கள்ல பலதும் வியாபாரத்தோட கடல் தாண்டிப் போனவை. 1896-லிருந்து 1901 வரைக்கும் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரைக்கும் ரயில் பாதை போட, முப்பதாயிரத்துக்கும் மேல இந்தியத் தொழிலாளர்கள் போனாங்க. அதுல ரெண்டாயிரத்துக்கும் மேல இறந்துபோனாங்க. அங்கேயே தங்கினவங்களோட வாரிசுகளையும் சேர்த்து, ஆசிய வம்சாவளியினரைக் கென்யா 2017-ல தன்னோட 44-வது இனக்குழுவா அறிவிச்சுது. அதனால உங்களைப் பார்த்து யாரும் பெருசா ஆச்சரியப்பட மாட்டாங்க. "அசான்டே"ன்னு நன்றி சொல்லிப் பழகினீங்கன்னா, "கரிபு"ன்னு வரவேற்பாங்க.

7. தேதி வாரியா

8 வாரம் முன்னாடி: ஸ்பெக், பாஸ்போர்ட், அனுமதி பத்திக் கடிதம்.
6 வாரம்: டாக்டர், மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நாள்.
3 வாரம்: ஊசி முடிஞ்சிருக்கணும். ஈ.டி.ஏ. விண்ணப்பம், பயணக் காப்பீடு.
1 வாரம்: அடாப்டர், கொசுவலை, கிழியாத புது டாலர் நோட்டு கொஞ்சம், மாத்திரை எண்ணிக்கை (திரும்பி வந்த பிறகு போடுறதையும் சேர்த்து).
திரும்பும் நாள்: மஞ்சள் அட்டை கையில.
அடுத்த 4 வாரம்: எழுதிக் கொடுத்த மாத்திரையை முடிக்கணும்.
அடுத்த 3 மாசம்: காய்ச்சல்னா அன்னிக்கே ரத்தப் பரிசோதனை.

லிஸ்ட்டோட பாதி, நீங்க வீட்டுக்கு வந்த பிறகு நடக்கறது. பெட்டியைப் பிரிச்சு வெச்சதும் பயணம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. காலண்டர்ல அந்த மூணு மாசத்தையும் குறிச்சு வெச்சுட்டு, டிக்கெட் போடுங்க.