சில்லாலைக்கு வந்த பிச்சைக்காரர்

அன்புள்ள பெறாமகளுக்கு,

தங்கச்சியோடு கனகாலமாகக் கதைப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். "மனசில பட்டதைச் சுடச்சுடச் சொல்லுறதுதான் என்ர சுபாவம். அதை மாத்தினா நான் நானா இருக்க மாட்டன்" என்கிறாய். இளைஞர் ஒன்றுகூடலில் பேசியவரும், உனக்கு நீ உண்மையாக இரு என்றுதான் சொன்னாராம். அந்த அறிவுரையில் பாதியை ஏற்கிறேன். மற்றப் பாதிக்குப் பயப்படுகிறேன்.

ஏற்கும் பாதியை முதலில் சொல்கிறேன். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். ஒல்லாந்தரிடம் உத்தியோகம் பார்க்க விரும்பியவர்கள் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்று, வீட்டில் பழைய வழிபாட்டையே தொடர்ந்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்ததும் அந்தக் கிறிஸ்தவத்தில் பெரும்பகுதி உதிர்ந்துபோயிற்று. பிற்காலத்தில் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியும் சைவராகவே நின்றார். கத்தோலிக்கனான நான் அந்த நேர்மையை மதிக்கிறேன். பிழைப்புக்காக வேடம் போடாதே என்பதுதான் அறிவுரையின் பொருளென்றால் எனக்குச் சம்மதம்.

ஆனால் அதே ஒல்லாந்தர் காலத்தில் ஒருவர் வேடம் போட்டுக்கொண்டே எங்களிடம் வந்தார். கோவாவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து குருவானவர், அங்கே துறவியர் குழுவொன்றுக்குத் தலைவராக இருந்தவர், புனித யோசப் வாஸ். 1687இல் கூலியாளின் கந்தலோடு யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். வயிற்றோட்டத்தால் சாகக் கிடந்து பிழைத்தார். பிறகு கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்து, நம்பக்கூடியவர்களிடம் மட்டும் தான் குருவென்று சொன்னார். சில்லாலைக் கிராமத்தில் தங்கி இரவுகளில் பூசை வைத்தார். பின்னர் கண்டிக்குப் போய், அங்கேயே 1711இல் இறந்தார்.

குலம், பதவி, படிப்பு எல்லாவற்றையும் மறைத்த அவரைப் பொய்யர் என்பாயா? உத்தியோகத்துக்காக வேடம் போட்டவன் தன்னைக் காப்பாற்றப் போட்டான். இவர் குருவில்லாமல் தவித்த சனத்துக்காகப் போட்டார். தன்னைக் காப்பதே நோக்கமாக இருந்திருந்தால் கோவாவை விட்டு அசைந்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் யோசி. எனக்குள் எழுவதெல்லாம் உண்மையான நான் என்றால் பயமும் பொறாமையும்கூட நான்தான். தலைமைக் குருவின் முற்றத்தில் நெருப்புக் காய்ந்தபடி ஆண்டவரைத் தெரியாதென்ற பேதுரு, அந்த இரவில் தன் பயத்துக்கு மிகவும் உண்மையாக இருந்தார். ஆனால் ஆண்டவர் அவரை அந்தப் பயத்தோடு விட்டுவிடவில்லை. உயிர்த்தபின் ஏரிக்கரையில் அவரைக் கேள்வி கேட்டு, ஆடுகளையும் ஒப்படைத்தார். பேதுரு ஆகவேண்டிய ஆளைப் பேதுருவைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

இப்படித் தன் சுபாவத்தை அடக்கித் தன்னை மறுப்பதென்றால் அடியையும் அவமானத்தையும் வாய்மூடிச் சகிப்பது என்று பெண்பிள்ளைகளுக்குப் போதிக்கிறவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதே. அநியாயத்தைக் கண்டால் உன் வாய் சுடச்சுடவே பேசட்டும். தங்கச்சியிடம் நீ பேசியது அந்த வகையா என்பது உனக்கே தெரியும்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரோடு சமாதானமாகிவிட்டு வரச் சொன்னவரிடம்தான் ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறாய். பூசைக்கு முதல் அவளுக்கு ஒரு கோல் எடு. அவள் எடுக்காவிட்டால் பின்னேரம் திரும்பவும் எடு.

அன்புடன்,
பெரியப்பா